கணைய அறுவை சிகிச்சை: ஆபத்தை முன்கூட்டியே கணித்த வரலாறு

இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு கணையம். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் வந்தால்தான் பலருக்கு இதன் பெயரே தெரிய வரும். இன்சுலினைச் சுரப்பதோடு, கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கும் நீரையும் இதுதான் சுரக்கிறது. அந்த நீர் குடலுக்குள் போகும்வரை நல்லது. வயிற்றுக்குள் கசிந்துவிட்டால் உடம்பின் சொந்தத் தசையையும் ரத்தக் குழாய்களையும் அரிக்கத் தொடங்கிவிடும். கணையப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கசிவோடு நடந்த போராட்டம்தான்.

முதல் முயற்சிகள்

1898-ல் இத்தாலியின் கொதிவில்லா கணையத்தின் தலைப்பகுதியை வெட்டி எடுத்தார். நோயாளி பிழைக்கவில்லை. 1909-ல் ஜெர்மனியின் வால்தர் கௌஷ் இரண்டு கட்டமாகச் செய்து வெற்றி கண்டார். 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதன்பின் 'விப்பிள் அறுவை சிகிச்சை' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிடுவார்கள். பிறகு மீதிக் கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றையும் குடலோடு இணைத்துத் தைப்பார்கள். இவற்றில் கணையத்தில் போடும் தையல்தான் பயமுறுத்துவது.

ஒரு காலத்தில் இந்தச் சிகிச்சையில் ஐந்தில் ஒருவர் இறந்த மருத்துவமனைகள் பல. இதைக் கைவிட்டு, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி மட்டும் போடுவதே மேல் என்று 1970-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் வாதிட்டார். ஆனால் 1993-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கேமரன் குழு, தொடர்ந்து 145 பேருக்குச் செய்து ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று அறிவித்தது. 2002-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, அபூர்வமாக இதைச் செய்யும் மருத்துவமனைகளில் 16.3 சதவீதமாக இருந்த மரணம், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம்தான் என்றது.

மரணம் குறைந்தது. சிக்கல்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்றும் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்காவது ஏதோ ஒரு சிக்கல் வருகிறது. அது யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி.

ஒரே கசிவு, பல கணக்கு

இதற்குப் பதில் தேடியவர்களுக்கு முதலில் ஒரு தடை இருந்தது. 'கசிவு' என்றால் என்ன என்பதிலேயே ஒற்றுமை இல்லை. 2004-ல் இத்தாலியின் வெரோனா நகர மருத்துவர்கள் தேடியபோது 26 விதமான வரையறைகள் கிடைத்தன. தங்கள் 242 நோயாளிகளை வெவ்வேறு வரையறைகளால் அளந்து பார்த்தார்கள். ஒன்றில் கசிவு 9.9 சதவீதம், இன்னொன்றில் 28.5 சதவீதம்! ஆட்கள் அதே ஆட்கள்தான்.

2005-ல் சர்வதேசக் குழு ஒன்று பொது வரையறை தந்தது. அறுவை முடிந்த மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, வயிற்றில் வைத்த வடிகுழாய் நீரில் அமைலேஸ் என்ற நொதி, ரத்தத்தில் இருக்கவேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அது கசிவு. 2016-ல் இதைத் திருத்தி, நோயாளியைப் பாதிக்கும் கசிவை மட்டுமே நோயாகக் கொண்டார்கள்.

2013-ல் அமெரிக்க மருத்துவர்கள் பத்து மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கை உருவாக்கினார்கள். அதில் பார்ப்பது நான்கே விஷயங்கள்: கணையம் மென்மையா கடினமா, அதன் குழாய் எத்தனை மில்லிமீட்டர், நோய் எந்த வகை, எவ்வளவு ரத்தம் போனது. ஏழும் அதற்கு மேலும் வந்தால் பெரும் ஆபத்து.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆரோக்கியமான மென்மையான கணையத்தில்தான் ஆபத்து அதிகம்! பன்னீர்க் கட்டியில் நூல் கோத்து இழுத்தது போலத் தையல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். புற்றுக்கட்டி நெடுநாள் குழாயை அடைத்துக் கணையத்தை இறுகச் செய்திருந்தால் தையல் நன்றாகப் பிடிக்கும். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்த, கல் சேர்ந்து இறுகும் கணைய நோயும் அப்படித்தான். அந்த நோய் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆனால் தையலுக்கு மட்டும் இடம் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில்

சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல், கணைய அறுவை சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். கோவை ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, வயிற்றைத் திறந்து செய்வதையும் துளை வழியாகச் செய்வதையும் ஒப்பிட்டார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, திறந்து செய்தவர்களில் மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை அளவு 13, துளை வழியில் 7. ஆனால் மொத்தச் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம், ஆனால் சிக்கலும் கூடவே வரலாம். கம்பத்திலிருந்து போகும் ஒரு விவசாயக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தேனி க.விலக்கில் 2004-ல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், கோவை இன்னும் தூரம். கசிந்த நீர் அரித்து ரத்தக் குழாய் வெடிப்பது பெரும்பாலும் உடனே நடப்பதில்லை. ஒரு வாரம் கழித்தும் நடக்கலாம். அதற்கு முன் வடிகுழாயில் கொஞ்சம் ரத்தம் தெரிவதுண்டு. மருத்துவமனைக் கட்டிலில் அது எச்சரிக்கை. இரவில் கம்பத்து வீட்டில் தெரிந்தால், அதன் பொருள் தெரியாவிட்டால், விடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

அதனால்தான் இந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு. குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு வடிகுழாயைச் சீக்கிரம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம். அதிகம் பெற்றவரை இன்னும் சில நாள் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். குடும்பத்திடம் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம்.

மதிப்பெண் ஜோசியம் அல்ல. நூறு பேரில் எத்தனை பேர் என்று சொல்லும், அதில் இவரா என்று சொல்லாது. குறைந்த ஆபத்து என்றவருக்கும் கசிவு வந்திருக்கிறது. 1898-ல் கொதிவில்லாவுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. இன்றைய மருத்துவருக்கு யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதாவது தெரியும்.