பூட்டிக் கிடந்த கதவு திறந்த கதை

மலருக்கு வரலாறு எழுதச் சொன்னாங்க. ராஜா கதை எனக்குத் தெரியாது. நாம மாத்திரை வாங்கப் போற ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதையை எழுதுகிறேன்.

எனக்கு முன்னால எங்க அம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை. ராத்திரி வலி வந்தப்போ சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. மாட்டு வண்டியில டவுனுக்குப் போறதுக்குள்ள குழந்தை தங்கல. அதே கட்டடத்துலதான் என் மகள் ராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்தாள். பக்கத்துல நர்சம்மா இருந்தாங்க. நடுவுல என்ன மாறிச்சு?

1946-இல் ஜோசப் போர் என்பவர் தலைமையில் இருந்த குழு, 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேணும்னு சொன்னது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு, ஒன்றியம் ஒன்றியமாக நிலையங்கள் வந்தன. இப்போ கணக்கு 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்.

நம்ம மாநிலத்துல பொதுச் சுகாதாரத்துக்குன்னே தனி இயக்ககம் சென்னையில் இருக்கு. அதன் கீழே சுகாதார மாவட்டங்கள். சில வருவாய் மாவட்டங்களை இரண்டு சுகாதார மாவட்டமாகவும் பிரிச்சிருக்காங்க. கொசு மருந்து, தடுப்பூசி, பிரசவம் எல்லாத்துக்கும் அங்கேதான் பொறுப்பு.

மருந்து வர்ற வழி நமக்குச் சட்டுன்னு புரியும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினாங்க. மாநிலம் முழுசுக்கும் மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைப்பாங்க. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு அதுல வரவு, எடுத்தது பற்று. நம்ம குழு பாஸ்புக் மாதிரியேதான்!

2005-இல் தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் வந்தது. இப்போ அந்தத் திட்டச் செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. மூன்று நர்ஸ் முறை மாற்றி இருந்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடும் படிப்படியா பரவியது. பூட்டு திறந்தது அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

அந்த 2005 திட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கிராம சுகாதாரக் குழுவுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரை. பஞ்சாயத்துத் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கணும். குழுவுல நம்ம பெண்களும் இருக்கலாம்.

இது தெரிஞ்சதும் கிராம சபையில எழுந்து கணக்குக் கேட்டேன். பின்னால ரெண்டு பேர் சிரிச்சாங்க. நர்சம்மா நோட்டை எடுத்து பிளீச்சிங் பவுடர், சாக்கடை சுத்தம்னு வரிசையா வாசிச்சாங்க. எல்லாம் சரியா இருந்தது. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைம்மா"ன்னாங்க.

சந்தாவுல பத்து ரூபாய் குறைஞ்சா நாம விடுறதில்லை. இதுவும் நம்ம காசுதான். அடுத்த கிராம சபைக்கு நாலு பேராவது சேர்ந்து போவோம்.