செக்ரோல்ல மட்டும் பேர் இருந்துச்சு

"தோட்டத்துப் பொம்பளைங்க ஏன் சொந்தமா ஒரு கடையோ தையல் தொழிலோ தொடங்குறதில்ல?" நாங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பயம், படிப்பில்லை என்று பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். வரலாறு வேற பதில் சொல்லுது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்வாங்க. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் 1984 வரை அவர்களின் நாட்சம்பளம் ஆண்களுடையதை விடக் குறைவு. அந்தக் குறைந்த சம்பளத்தையும் பல தோட்டங்களில் புருஷனோ அப்பாவோதான் போய் வாங்கினாங்க. உழைச்ச காசு கைக்கு வராதவங்க முதலுக்கு எங்க போவாங்க?

அடுத்தது குடியுரிமை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. போறோமா இருக்கிறோமான்னு தெரியாத வீட்டில் யார் கடை வைப்பாங்க? மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு முடிவு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு இடம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இரண்டு தடவையும் லயக் காம்பரா அதில் குடியிருந்தவங்க பேருக்கு மாறவில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தடையில்லாமல் சேவை செய்யவே 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இன்றைக்கு ஒரு அக்கா தன் தொழிலைப் பதியப் போனால், இடத்தின் உறுதியோ வாடகை ஒப்பந்தமோ கேட்பாங்க. காம்பராவுக்கு அது ரெண்டும் இல்லை. பதிவு இல்லாட்டி வங்கிக் கடன் கஷ்டம். அப்போ மிஞ்சுறது சீட்டும், வாராவாரம் வாசலுக்கு வந்து வசூலிக்கிற நுண்கடனும்தான்.

இத்தனைக்கும் நடுவில் லயத்துக்குள்ளேயே தைக்கிறாங்க, மாடு வளர்க்கிறாங்க, மரக்கறி போடுறாங்க, பலகாரம் சுட்டு விற்கிறாங்க. அதையும் காலையில் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, வீட்டு வேலையும் முடித்த பிறகுதான் செய்யணும். துணிச்சல் இருக்கு. அவங்க பேர் எழுதின காகிதம்தான் இல்லை.

இப்போது சில தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கிடைக்குது. உறுதியைக் குடும்பத் தலைவர் பேரில் மட்டும் எழுதினால் பழைய சம்பள வரிசைதான் திரும்ப வரும். உங்க வீட்டுக்கு உறுதி வந்திருந்தா எடுத்துப் பாருங்க: அதுல அம்மா பேர் இருக்கா?