சொந்த மனை இல்லாத ஊர்

1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி பூஞ்சாற்று அரசர், ஜான் டேனியல் மன்றோ என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கு ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார். மன்றோ, திருவிதாங்கூரின் ஏலமலைப் பகுதிக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். 5,000 ரூபாய் முன்பணம், ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகை என்ற கணக்கில் கண்ணன் தேவன் மலைகள் அவர் கைக்கு வந்தன. பிற்கால அளவீட்டில் அந்நிலப்பரப்பு ஏறத்தாழ 1,37,000 ஏக்கர் எனத் தெரியவந்தது. அம்மலைகளில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த முதுவர்கள் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பினர் அல்லர். இன்று கோடை விடுமுறைக்கு நம்மவர்கள் குடும்பத்துடன் சென்றுவரும் மூணாறு என்னும் ஊரின் கதை அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் ஊரையே ஒரு நிறுவனம் உடைமையாகக் கொள்ளும்போது அங்கு வாழ்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதை யோசிக்கையில், தாமலில் இருப்பவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக அனைவரும் அறிவர். முப்பது குடும்புகள், ஓலைச்சீட்டு, குடம், ஓராண்டுப் பதவி ஆகியவற்றை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் வாரியத்துக்குத் தகுதி பெறுவோருக்கு அக்கல்வெட்டு விதிக்கும் ஒரு நிபந்தனையை அதிகம் பேர் நின்று கவனிப்பதில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். அத்துடன் தன்னுடைய சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாகவும் இருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை; பெண்களையும் நிலமற்றவர்களையும் வெளியே நிறுத்திய விதி. அதைப் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. என்றாலும் அவ்விதியை எழுதியவர்களுக்கு ஓர் உண்மை தெளிவாகத் தெரிந்திருந்தது. காலூன்றச் சொந்த மண் இல்லாதவனின் சொல் ஊரில் எடுபடாது என்பதே அது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய மூணாற்றை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

*

மன்றோவுக்குப் பின் 1879இல் தோட்டக்காரர்கள் கூடி வடக்குத் திருவிதாங்கூர் நில நடவு வேளாண் சங்கத்தை அமைத்தனர். 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். 1895இல் ஸ்காட்லாந்தின் பின்லே மியூர் நிறுவனம் உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி பிறந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அக்கம்பெனி ஓர் அரசு செய்யக்கூடிய ஏறக்குறைய எல்லாவற்றையும் மலைமேல் செய்துமுடித்தது.

1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை வந்தது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறி, நீராவி எஞ்சின் ஓடியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் செல்லும். அங்கிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரைத் தாண்டித் தூத்துக்குடித் துறைமுகத்தை அடையும். தேயிலை இறங்கிய வழியிலேயே மனிதர்கள் ஏறினர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த குடும்பங்கள் அவை. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். 1924ஆம் ஆண்டு ஜூலை வெள்ளம் ரயிலையும் கடைவீதியையும் அடித்துச் சென்றது. ரயில் திரும்ப வரவில்லை. ஊரைக் கம்பெனியே மறுபடி கட்டியெழுப்பியது.

சாலை, மருத்துவமனை, பள்ளி, கடைத்தெரு, மின்சாரம் எல்லாமே கம்பெனியுடையவை. அவற்றைப் பழிப்பது நேர்மையாகாது. சுற்றியிருந்த பல ஊர்கள் அரிக்கேன் விளக்கில் இருந்தபோது மூணாற்றில் மின்விளக்கு எரிந்தது. கம்பெனி மருத்துவமனையில் பிழைத்தெழுந்த உயிர்கள் பல. ஆனால் கொடை வேறு, உரிமை வேறு. தொழிலாளிக்குக் கிடைத்த வீடு லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளில் குடும்பத்துக்கு ஒன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீட்டுவசதி தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அது தொழிலாளர் நலனுக்கான சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவே வீட்டை வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்தாக வேண்டும். செய்யாமலிருக்க, பிள்ளைகளில் ஒருவராவது கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றாக வேண்டும். ஒரு பெண் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுத் தோட்டத்தில் பெயர் கொடுப்பதற்குக் கூலி மட்டும் காரணமன்று. அம்மாவும் அப்பாவும் முதுமையில் படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதும் காரணம்.

ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. அதை வாசித்தவர்களுக்குக் கங்காணியும் பற்றுக்கணக்கும் பழக்கமானவை. அந்நாவலின் கொடுமைகள் பல பின்னர் ஒழிந்தன. லயத்து முடிச்சு ஒழியவில்லை.

*

உடைமை முதன்முறையாக அசைந்தது 1971இல். கேரள அரசு, கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டெடுக்க ஒரு சட்டம் இயற்றியது. கம்பெனி எதிர்த்து வழக்காடியது. 1972இல் உச்ச நீதிமன்றம், இது நிலச் சீர்திருத்தமே என்று கூறிச் சட்டத்தை ஏற்றது. தோட்டத்துக்கும் அதன் தேவைகளுக்குமாக 57,000 ஏக்கருக்கு மேல் கம்பெனியிடம் விடப்பட்டது. ஏறத்தாழ 70,000 ஏக்கர் அரசுக்கு வந்தது. நிலமற்ற வேளாண் மக்களுக்குப் பகிர்ந்தளிப்பது சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

அந்நிலத்தின் ஒரு பகுதிக்கு நல்ல கதி வாய்த்தது. துரைமார் வேட்டையாடிய இரவிகுளம் புல்வெளிகள் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயின. வரையாடுகள் பிழைத்துக்கொண்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை நீலக்குறிஞ்சி பூத்தது. அதைக் காண மக்கள் திரண்டனர். ஆனால் லயத்து மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அரசு நிலத்திலிருந்து ஒரு வீட்டுமனைகூட வரவில்லை. மாறாக, சுற்றுலா வளர வளர, மலைச்சரிவுகளில் வெளியாரின் விடுதிகள் எழுந்தன. 2007ஆம் ஆண்டு முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் அனுப்பிய அதிகாரிகள் குழு ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தபோதுதான், எவ்வளவு நிலம் யார் யாருக்கோ போயிருந்தது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. அரசியல் நெருக்கடியில் அந்த இடிப்பும் சில வாரங்களில் ஓய்ந்தது.

இதற்கிடையே கம்பெனியின் பெயரும் மாறிக்கொண்டிருந்தது. 1976இல் டாட்டா பின்லே. 1983இல் டாட்டா டீ. வெள்ளைக்காரத் துரை போய் இந்திய மேலாளர் வந்தார். பங்களாவும் லயமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

*

இது காலனியத்தின் எச்சம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்றொரு மலையூர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த ஊர். சுரங்கம் வற்றியபோது சுரங்கக் கம்பெனியே 1963இல் அங்கே பனிச்சறுக்கு மையம் ஒன்றைத் திறந்தது. பின்னாளில் அதை நடத்திவந்த நிறுவனம், 2011இல் மலைச்சரிவுகளின் குத்தகையைப் புதுப்பிக்கும் கெடுநாளைத் தவறவிட்டது. சில நாள் தாமதம்தான். அதன் விளைவாக, நீண்ட வழக்குக்குப் பின் 2014இல் வெய்ல் ரிசார்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் 18.25 கோடி டாலர் கொடுத்து அம்மையத்தை வாங்கியது. வெய்ல் பல மலைகளைத் தன் கைக்குள் வைத்திருப்பது. ஒரே பருவச் சீட்டில் எல்லா மலைகளிலும் சறுக்கலாம் என்ற வணிகமுறையை 2008இல் கொண்டுவந்தது. உள்ளூர் மலை, ஒரு பட்டியலில் ஒரு வரியாயிற்று.

அங்கே கம்பெனி லயம் இல்லை; ஆனால் வீட்டு விலை இருக்கிறது. விடுமுறை வீடுகள் வாங்குவோரின் போட்டியில், அம்மலையில் வேலை செய்பவர்கள் பலர் பள்ளத்தாக்கு ஊர்களில் குடியிருந்து நாள்தோறும் மலையேறுகின்றனர். 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை அங்கே மலைப் பாதுகாவலர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக உயர்த்த வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. புத்தாண்டுக் கூட்டத்தில் சரிவுகள் பல மூடிக்கிடந்தன, கோரிக்கை நிறைவேறியது.

மூணாறு தன் உழைப்பாளியை வீட்டுக்குள் கட்டிவைத்தது. பார்க் சிட்டி ஊருக்கு வெளியே தள்ளிவைத்தது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன. பயணிக்கு அழகாகத் தெரிகிற மலையை அப்படி வைத்திருப்பவர்களுக்கு அம்மலையில் மனை இல்லை.

*

அப்படியானால் தொழிலாளியே கம்பெனியின் சொந்தக்காரனாகிவிட்டால் தீர்வு கிடைக்குமா? மூணாறு அதையும் சோதித்துப் பார்த்துவிட்டது. 2005இல் டாட்டா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் என்ற புதிய அமைப்பு உருவானது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதன் பங்குதாரர்கள். பெரும்பான்மைப் பங்குகள் அவர்களுடையவை. இந்தியத் தோட்டத்தொழிலில் இது முன்மாதிரி என்று பேசப்பட்டது. அவ்வாறு பேசியதில் தவறுமில்லை, ஏனெனில் நட்டத்தில் தோட்டங்கள் மூடப்பட்டுவந்த காலம் அது.

பத்தாண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அந்தப் பங்குதாரர்களே சாலையில் உட்கார்ந்தனர். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மூணாற்றை ஒன்பது நாள் அசையவிடாமல் நிறுத்தினர். பெண்பிள்ளை ஒருமை என்பதைப் ‘பெம்பிளை ஒருமை’ என்றனர். கோஷமோ பெரும்பாலும் தமிழில் எழுந்தது. நிர்வாகத்தை மட்டுமல்ல, பெரிய தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் அவர்கள் அருகே விடவில்லை. போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காட்டைப் பெற்றனர். அடுத்த மாதம், 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ஆனது. அவர்கள் கேட்டது 500.

பங்கு என்பது லாபத்தில் ஒரு பகுதி. லாபமில்லாத ஆண்டில் அது வெறும் காகிதம். முடிவெடுக்கும் அறை முன்போலவே பங்களாப் பக்கம் இருந்தது. லயத்துச் சாவி முன்போலவே வேலைப் பதிவேட்டில் தொங்கியது. ஊழியர் சொத்துரிமை என்ற பெயரில் வந்தவற்றுள் ஊழியர் குடியிருந்த அறை மட்டும் சேர்க்கப்படவில்லை.

*

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாற்றின் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். கயத்தாற்றுப் பக்கம் வேர் கொண்டவர்கள் அதிகம். அந்த இடத்தில் வீட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ‘இங்கே வேண்டாம், அந்த மேட்டில் கட்டிக்கொள்கிறேன்’ என்று சொல்லும் வசதி சொந்த மனை உள்ளவனுக்குத்தான் உண்டு. பின்னர் குட்டியாற்றுப் பள்ளத்தாக்கில் அரசு ஒதுக்கிய மனைகளில், நிறுவனத்தின் செலவில் எட்டு வீடுகள் கட்டப்பட்டு 2021இல் தப்பிப்பிழைத்த குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒன்றேகால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைக்காத மனை ஒரு நிலச்சரிவுக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டுக்குள்ளும் இதே கதைதான். மாஞ்சோலையை 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா வணிக நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கூலிக்காகப் போராடியவர்களுக்கு ஆதரவாக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த பேரணியில், காவல்துறையின் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் பதினேழு பேர் மாண்டனர். குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கையில், 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று அறிவித்துக் கடையைக் கட்டியது. காடு காடாகட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நான்கு தலைமுறையாக அங்கே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், சமவெளியில் எந்த ஊரைச் சொந்த ஊர் என்று சொல்வது?

உத்திரமேரூர்ச் சபையின் விதியை நம் அரசியல் சாசனம் தலைகீழாக்கியிருக்கிறது. மனை இருந்தால்தான் ஊர்க்காரன் என்றது அது. மனை இல்லாதவருக்கும் வாக்கு உண்டு என்கிறது இது. மூணாற்றிலும் ஊராட்சி உண்டு. லயத்துப் பெண் அதில் உறுப்பினராக அமரலாம். நாம் அடைந்த பெரும் மாற்றம் இது. ஆனால் அவர் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வீடு வேறொருவருடைய பதிவேட்டில் இருக்கும்வரை, ஐம்பத்தெட்டு வயதில் அவ்வூரைவிட்டு இறங்கச் சொல்லும் அதிகாரம் வாக்குக்கு வெளியே எங்கோ இருந்துகொண்டே இருக்கும். கம்பெனி ஆங்கிலேயருடையதா, டாட்டாவுடையதா, தொழிலாளர்களுடையதா என்ற கேள்வியை மூணாறு ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்டு விடை பார்த்துவிட்டது. அது இன்னும் கேட்டுமுடிக்காத கேள்வி, லயத்துக் குடும்பத்துக்கு ஐந்து சென்ட் மனை எப்போது என்பதுதான்.