மூளைக்கு ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம்? – எபிசோட் எழுத்து வடிவம்

உயிரோட இருக்கிற ஒரு மனுஷனோட மூளைக்குள்ள எவ்வளவு ரத்தம் ஓடுதுன்னு மண்டையைத் திறக்காம எப்படி அளக்கிறது? 1940-கள்ல பிலடெல்பியாவில் சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் ரெண்டு பேரும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆளை கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்க வெச்சு, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுத்து, உள்ளே போனதுக்கும் வெளியே வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டாங்க. எஞ்சினியர்களுக்குப் புரியும், இன்புட், அவுட்புட் கணக்குதான். 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி. முழு மூளைக்கு முக்கால் லிட்டர் வரைக்கும் வரும். உடம்பு எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனா ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போகுது.

இந்தக் கணக்கு எனக்கு முக்கியமானதுக்குக் காரணம், திருப்புட்குழியில் இருக்கிற என் பெரியப்பா. ஜடாயு கதையோட சேர்ந்த விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கிற அதே ஊர்தான். பெரியப்பா பட்டுத் தறிக்காரர், நாள் பூரா குழித்தறியில் உட்கார்ந்தே வேலை. ஒருநாள் வலது கை தளர்ந்து, பேச்சு குழறுச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. ஸ்கேன்ல ‘லேசான ஸ்ட்ரோக்’னு வந்தது. அதுக்கப்புறம் அவர் கேட்ட கேள்வி: “கைதான் சரியாயிடுச்சே தம்பி, மாத்திரை எதுக்கு? பீடியை விட்டுட்டேன், நடக்கிறேன், போதாதா?”

நியாயமான கேள்வி. வரலாறு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

அவர் ஊரைத் தாண்டிப் போற ஹைவேயில் மேற்கே போனா வேலூர். அங்க சிஎம்சி-யில் 1949-ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதே வேலூர் வட்டாரத்தில் ஜேக்கப் ஆபிரகாம் குழு பக்கவாதத்தைக் கணக்கெடுத்து, 1970-ல் வெளியிட்டாங்க. லட்சம் பேருக்குச் சுமார் 57 பேர். நம்ம ஊர்ல இது எவ்வளவு பெரிய பிரச்சினைன்னு அப்பவே எண்ணிப் பார்த்திருக்காங்க.

பீடியை விட்டது சரியான முடிவுதான். 1985-ல் ஹூஸ்டனில் ஜான் மேயர் குழு, பல வருஷம் புகைபிடிச்ச வயசானவங்க அதை நிறுத்தினதும் மூளை ரத்த ஓட்டம் கூடினதை அளந்து காட்டினாங்க. நடக்கிறதும் நல்லதே.

ஆனா மாத்திரை வேற கணக்கு. 2001-ல் வெளியான ‘ப்ராக்ரஸ்’ ஆய்வு, ஏற்கெனவே ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்த 6,105 பேரை எடுத்துக்கிட்டது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு மறுபடி ஸ்ட்ரோக் வர்றது 28 சதவீதம் குறைஞ்சது.

நம்ம நாட்டு ஆய்வும் உண்டு. ஜெயராஜ் துரை பாண்டியன் தலைமையில் 31 மருத்துவமனைகள், ஸ்ட்ரோக் வந்த 4,298 பேர், 12 மொழிகளில் குறுஞ்செய்தியும் வீடியோவும் பயிற்சிப் புத்தகமும். 2023-ல் முடிவு வந்தது. செய்தி கிடைச்ச குழுவில் புகையை, குடியை விட்டவங்க அதிகம், மாத்திரையை ஒழுங்கா எடுத்தவங்களும் அதிகம். ஆனா ஒரு வருஷத்தில் மறு ஸ்ட்ரோக், மாரடைப்பு, மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தா 5.5 சதவீதம். செய்தி கிடைக்காத குழுவில் 4.9. பெரிய வித்தியாசமே இல்லை.

அப்போ வாழ்க்கை முறை மாத்துறது வீணா? நான் அப்படிப் படிக்கலை. பல வருஷ ரத்த அழுத்தத்துல தடிச்சுப்போன நுண்ணிய குழாய்கள் 1 வருஷத்துல பழசு மாதிரி ஆகாது. பழக்கம் நீண்ட காலக் கணக்கு. அது வேலை செய்யற வரைக்கும் ஆளைக் காப்பாத்துறது மாத்திரை. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு இல்லை, ரெண்டும் வேணும்.

நம்ம மாநிலத்துல 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. வாங்கி அலமாரியில் வெச்சா ரத்தம் ஓடாது, சாப்பிடணும். டாக்டர் சொல்லாம நிறுத்தக்கூடாது.

கடைசியா ஒண்ணு. வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சு குழறல், இதுல எது வந்தாலும், பத்து நிமிஷத்துல சரியானாலும், 108-க்கு அடிங்க. ‘லேசான’ங்கிற வார்த்தையை நம்பாதீங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.