வகுப்பறைக்கு வராத நிரோத்

ரப்பர் மரத்தில் விடிவதற்கு முன்பே பால் வெட்டிவிடுவார்கள். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கமும் தென்கேரளத்திலும் சிரட்டையில் சொட்டும் அந்தப் பாலில் உடனே அமோனியா சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஆலை போய்ச் சேருமுன் உறைந்துவிடும். ஆணுறையின் பிறப்பு இப்படி ஒரு பாலில்தான் தொடங்குகிறது. பாலைக் கெட்டியாக்கி, கந்தகம் முதலியவற்றைக் கலந்து, கண்ணாடி அச்சுகளை அதில் முக்கி எடுத்து, காயவைத்து, மறுபடியும் முக்குகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் உலோக அச்சில் மாட்டி மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் மின்சாரம் பாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தொகுதிக்குச் சிலவற்றில் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதும், வெடிக்கும்வரை காற்றடிப்பதும் உண்டு. ஒரு சின்னப் பொட்டலத்துக்குப் பின்னால் இவ்வளவு அக்கறை இருக்கிறது.

ஆணுறை தயாரிப்பதற்காக 1966-இல் மத்திய அரசு இந்துஸ்தான் லேடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம் பேரூர்க்கடை ஆலையில் ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1969-இல் உற்பத்தி ஆரம்பமானது. அதற்கு முந்தைய ஆண்டே, இறக்குமதிச் சரக்கோடு ‘நிரோத்’ என்ற பெயரில் அரசின் ஆணுறை கடைக்கு வந்துவிட்டது. மூன்று 15 பைசா. மீதிச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்தது அதை ஊர் ஊராகக் கொண்டுபோன விதம். புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு, சிகரெட் விற்ற ஐ.டி.சி. ஆகிய ஆறு நிறுவனங்களிடம் விநியோகத்தை ஒப்படைத்தார்கள். டீத்தூளும் சோப்பும் பேட்டரியும் போன வழியிலேயே நிரோத்தும் போனது. பெட்டிக்கடைக்காரர் தயங்காமல் வாங்கி வைத்தார். மக்கள் கூச்சப்படுவார்கள் என்று அன்றைய அரசு கைகட்டி நிற்கவில்லை.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட உதவிய பொருள், அதன்பின் உயிர் காக்கும் பொருளும் ஆனது. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரம் கேட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அந்தச் சுவரைக் கடந்துதான் போனார்கள். கேள்வி அவர்கள் கண்ணிலும் பட்டது. பதில் சொல்லத்தான் ஆளில்லை.

பதில் சொல்ல ஒரு முயற்சி நடந்தது. 2005-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007-இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அதை ஏற்க மறுத்தன. 2009-இல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம், எய்ட்ஸ் போன்றவற்றை மேல்நிலை வகுப்பு உயிரியலுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2017 டிசம்பரில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஆணுறை விளம்பரம் கூடாது என்று தொலைக்காட்சிகளுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. டீக்கடை வரைக்கும் பகலிலேயே வந்த பொருளை ராத்திரிக்கு ஒதுக்கினார்கள்.

இன்று நம் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் ‘இனப்பெருக்க நலன்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம், ஆணுறையும் அதில் உண்டு. ஆனால் வணிகவியல் எடுத்த பையனுக்கும் கணினி அறிவியல் எடுத்த பெண்ணுக்கும் அது கிடையாது. அவர்களுக்கு மட்டும் உடம்பு இல்லையா? விலங்கியல் எடுத்தவர்களுக்கும் பல வகுப்புகளில் ‘இதை வீட்டிலேயே படிச்சுக்கோங்க’ என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் யாரிடம் கேட்பது? கையில் போன் இருக்கிறது. அதில் வருகிற ஆபாசப் படம் சம்மதம் என்றால் என்னவென்று சொல்லாது. மறுத்தால் மதிக்க வேண்டும் என்றும் சொல்லாது.

பொட்டலத்தைப் பற்றியே எவ்வளவு சொல்லித்தர வேண்டியிருக்கிறது! காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பல்லால் கிழிக்கக் கூடாது. மாதக்கணக்கில் பர்ஸில் வைத்திருந்தால் சூட்டிலும் உராய்விலும் நைந்துபோகும். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் வலுவிழந்து கிழியும். பேரூர்க்கடையில் மின்சாரம் விட்டுச் சோதித்த உழைப்பெல்லாம் இந்த நாலு வரி தெரியாததால் வீணாகிறது. தெரியாமலே வளர்ந்த பையன்தான் நாளைக்குக் கணவன். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆணுறையை நம்பியிருப்பது 9.5 சதவீதம். நிரோத் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் கத்தி பெண் உடம்பின் மீதுதான் வைக்கப்படுகிறது.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்கிற பெற்றோரின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பிள்ளை மீதுள்ள பாசம்தான் அது. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி வேறு மாதிரி சொல்கிறது. முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை. தள்ளிப்போடவும், பாதுகாப்போடு இருக்கவும்தான் உதவுகிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போன ஒரு போக்சோ வழக்கில், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பயத்தைத் தவறான எண்ணம் என்றே சொல்லி, முழுமையான பாலியல் கல்விக்கு நிபுணர் குழு அமைப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது.

குழு வரட்டும். அதுவரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. ‘இனப்பெருக்க நலன்’ பாடத்தின் சாரத்தை எல்லாப் பிரிவுகளுக்கும் கொடுக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே, பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்து, பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டு உடம்பையும் சம்மதத்தையும் பேசத் தொடங்கலாம். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைத்து, விழுகிற சீட்டு ஒவ்வொன்றையும் வகுப்பில் உரக்கப் படித்துப் பதில் சொல்லலாம்.