பெட்டியின் குரல்
கிற்றார் ஒலிபெருக்கிப் பெட்டி கணினியுட் புகுந்த வரலாறு

இசைக்கருவிகளின் வரலாற்றிலே ஒரு காலத்திற் குறைபாடெனக் கருதப்பட்டதே பிறிதொரு காலத்திற் சிறப்பியல்பாகப் போற்றப்படுதல் புதுமையன்று. மின்கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டி இதற்குத் தக்க சான்றாகும். பலர் கூடிச் சுமக்கவேண்டிய அம்மரப்பெட்டி, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு வினாடியின் சிறு கூறளவேயான எண்வரிசையாகக் கணினியுட் புகுந்தது. அம்மாற்றம் எதனைப் பேணியது, எதனைக் கைவிட்டது என்பது ஆராயத்தக்கது.

1930களில் மின்கிற்றார் தோன்றியபோது, ஒலியைப் பெரிதாக்குதலே பெட்டியின் பணியாக இருந்தது. கலிபோர்னியாவில் லியோ பென்டர் 1951 இல் மின்பேஸ் கிற்றாரை வெளியிட்டு, அடுத்த ஆண்டில் அதற்கென 'பாஸ்மன்' என்னும் விரியலாக்கியையும் உருவாக்கினார். பேஸ் கருவிக்கென அமைந்த அதனைக் கிற்றார்க் கலைஞரே பெரிதும் விரும்பினர். 1962 இல் லண்டனில் ஜிம் மார்ஷல் அதனைத் தழுவித் தமது விரியலாக்கியை அமைத்தார். செலெஸ்ரியன் நிறுவனத்தின் 12 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கினைக் கொண்ட மூடிய பெட்டி அதனுடன் இணைந்து புகழ்பெற்றது. 1969 இல் அம்பெக் நிறுவனம் பேஸ் கிற்றாருக்கென 300 வாற்று வலுவுடைய விரியலாக்கியையும், 10 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டினைக் கொண்ட பெட்டியையும் வெளியிட்டது.

இப்பெட்டிகள் எல்லா ஒலிகளையும் ஒருபடித்தாக வெளியிடுவனவல்ல. ஏறத்தாழ 5,000 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட மீடிறன்களைக் கிற்றார் ஒலிபெருக்கி பெருமளவு தணித்துவிடுகின்றது. விரியலாக்கி திரிபுறும்போது எழும் கூரிய ஓசைகள் இதனால் மென்மை பெறுகின்றன. பெட்டியை நீக்கி நேரே ஒலிப்பதிவு செய்தால் அவ்வோசை செவியை அராவுவது போலிருக்கும். எனவே கலைஞனின் தொனி எனப் போற்றப்பட்டதிற் பெரும்பங்கு பெட்டிக்கும், அதன் முன் வைக்கப்பட்ட ஒலிவாங்கிக்கும் உரியதெனலாம். ஒலிவாங்கியைக் கூம்பின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சில அங்குலம் நகர்த்தினாலே தொனி மாறிவிடும்.

பெட்டியின்றி அத்தொனியைப் பெறும் முயற்சி முன்னரே தொடங்கியது. 1982 இல் ரொம் சோல்ஸ் வெளியிட்ட 'றொக்மன்', 1989 இல் வெளிவந்த 'சான்ஸ்அம்ப்' ஆகியன மின்சுற்றுகளால் பெட்டியின் இயல்பைப் பின்பற்றின. 1998 இல் வெளியான லைன் 6 நிறுவனத்தின் 'பொட்' இப்பணியை இலக்கமுறையில் ஆற்றியது. ஆயினும், ஒரு குறித்த பெட்டிக்கே உரிய நுண்ணிய ஏற்ற இறக்கங்களை உள்ளவாறே பெறுவதற்கு வேறொரு வழி தேவைப்பட்டது.

அவ்வழி கணிதத்தில் ஏற்கெனவே இருந்தது. உள்ளீடு இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் இயல்புடைய ஒரு தொகுதிக்குக் கணநேரத் தாக்கு ஒன்றினைக் கொடுத்து, அதன் எதிரொலியைப் பதிந்தால், வேறெந்த ஒலிக்கும் அது எவ்வாறு துலங்கும் என்பதைக் கணித்துவிடலாம். கிற்றார் ஒலியின் ஒவ்வொரு மாதிரியும் ஒரு சிறு தாக்காகக் கொள்ளப்படும். ஒவ்வொன்றும் எழுப்பும் எதிரொலிகள் யாவும் கூட்டப்படும். இதற்கு வேண்டிய உழைப்போ பெரிது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியினை 2,048 மாதிரிகள் கொண்ட பதிவுடன் நேரடியாகக் கணிக்க, வினாடிதோறும் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965 இல் கூலி, ரூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவுக் கணிப்புமுறையும், 1995 இல் வில்லியம் காட்னர் காட்டிய தாமதமற்ற முறையும் இச்சுமையைக் குறைத்தன.

இம்முறை முதலில் இசைமண்டபங்களின் எதிரொலிக்கே பயன்பட்டது. 1999 இல் சோனி நிறுவனம் இதற்கென ஒரு கருவியை வெளியிட்டது. 2000 இல் பார்மா பல்கலைக்கழகத்தின் அஞ்சலோ பரினா, படிப்படியாக மீடிறன் உயரும் தொடரொலியைக் கொண்டு அளக்கும் முறையை முன்வைத்தார். ஒற்றைத் தாக்கினும் கூடிய சத்தியை அது அளித்தமையால் இரைச்சல் குறைந்த பதிவுகள் கிடைத்தன. தொகுதியின் திரிபையும் வேறாகப் பிரித்தறிய முடிந்தது. மண்டபத்தின் எதிரொலி பல வினாடிகள் நீளும். பெட்டியினதோ மிகக் குறுகியது. ஆகவே வீட்டுக் கணினியே அதற்குப் போதுமாயிற்று. ஈற்றில் செலெஸ்ரியன் நிறுவனமே தன் ஒலிபெருக்கிகளின் பதிவுகளை விற்பனைக்கு விட்டது.

இம்முறைக்கும் எல்லைகள் உள. பதிவு என்பது ஓர் அறையில், ஓரிடத்தில் வைத்த ஒலிவாங்கி கேட்டதாகும். வலு மிகும்போது கூம்பு திரிபுறுவது அதிற் சேராது. விரியலாக்கியின் திரிபையும் மென்பொருள் வேறாக உருவாக்கவேண்டும். பேஸ் கிற்றாரிற் சிக்கல் மேலும் கூடுகின்றது. அதன் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்சில் அதிர்கின்றது. அவ்வொலியின் அலைநீளம் எட்டு மீற்றரை விஞ்சும். 2,048 மாதிரிகள் ஏறத்தாழ 46 மில்லிவினாடிகளே. அதற்குள் அவ்வொலியின் இரு அதிர்வுகள்கூட முழுமையாக அடங்குவதில்லை. நீண்ட பதிவும், எதிரொலி குறைந்த பெரிய வெளியும் இங்கு வேண்டப்படுகின்றன. மறுபுறம், மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் பேஸ் கிற்றார் நேரடியாகவே பதியப்பட்டமையும் நோக்கத்தக்கது. ஆங்கே பெட்டியின்மையே தொனியாயிற்று.

பெட்டி வாங்கப் பொருளும், அதனை ஒலிக்கச்செய்ய இடமும் இல்லாத இளைஞனுக்கு இம்மென்பொருள் பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. எனினும், எந்தப் பெட்டி அளக்கத்தக்கது, ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பவற்றை யாரோ ஒருவர் முன்னரே தீர்மானித்துவிடுகின்றார். அளக்கப்படாத பெட்டிகளின் குரல் அவற்றுடனேயே மறையும். கல்வெட்டின் மைப்படி எழுத்தைக் காக்கும். ஆயினும் எந்தக் கல்லை, எந்தப் பக்கத்தைப் படியெடுத்தனர் என்று வரலாற்று மாணவன் வினவாதிருப்பதில்லை. இவ்வெண்வரிசைகளைப் பயன்படுத்துவோரும் அவ்வினாவை எழுப்புதல் வேண்டும்.