தாங்குகிறவனே ரசிகன்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். விளையாட்டு ரசிகனுக்கு பிரெஞ்சில் 'சுப்போர்த்தேர்' என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல். ஆனால் அவர்களிடம் முன்பே இருந்த 'சுப்போர்த்தே' என்ற வினைச்சொல்லுக்கு, தாங்கிக்கொள்வது, பொறுத்துக்கொள்வது என்று பொருள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தோல்வியைத் தாங்குகிறவனே ரசிகன் என்றாகிறது. சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு மெல்போர்ன்காரர்கள் நல்ல சாட்சி. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடம்பு தளராமல் இருக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே விதிகள் எழுதப்பட்டன. அதுதான் ஆஸ்திரேலியக் கால்பந்து. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம்.

1970 இறுதி ஆட்டத்தைப் பார்க்க மெல்போர்ன் மைதானத்தில் 1,21,696 பேர் கூடினார்கள். காலிங்வுட் அணி பாதி ஆட்டத்தில் 44 புள்ளிகள் முன்னணியில் இருந்தும், கடைசியில் கார்ல்டனிடம் 10 புள்ளிகளில் தோற்றது. 1958இல் கோப்பை வென்ற அந்த அணி, அடுத்த கோப்பைக்கு 1990 வரை காத்திருந்தது. நடுவில் எட்டு இறுதி ஆட்டங்களில் தோல்வி! அப்படியும் அதன் ரசிகர்கள் கலைந்துபோகவில்லை.

அதே மைதானம் நமக்கும் அந்நியமில்லை. 1985 மார்ச்சில் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா வென்றது அங்கேதான். நம் சென்னைப் பிள்ளைகளான ஸ்ரீகாந்த் 67 ரன் எடுத்தார், சிவராமகிருஷ்ணன் மூன்று விக்கெட் சாய்த்தார்.

மைதானத்தைக் கண்ணாலேயே பார்க்காத நம் பக்கத்து மக்களை ரசிகர்களாக்கியது வானொலி. ஆங்கில வர்ணனை புரியாதவர்களுக்குத் தமிழ் வர்ணனை வந்தது பெரிய வரம். அதில் மறக்க முடியாத குரல் அப்துல் ஜப்பாருடையது. திருச்செந்தூருக்குப் பக்கத்திலுள்ள சாத்தான்குளத்துக்காரர், வானொலி நாடகக் கலைஞர். பந்து வீச்சாளர் ஓடி வருவதிலிருந்து பந்து எல்லைக்கோட்டைத் தொடுவது வரை, காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாக நினைக்க வைப்பார். டீக்கடை பெஞ்சும் சேப்பாக்கம் கேலரியும் ஒன்றாகிவிடும். 2020இல் அவர் மறைந்தார்.

தாங்குவது எல்லாருக்கும் எல்லா நேரமும் கைகூடுவதில்லை. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், கல்கத்தாவில் இலங்கைக்கு எதிராக இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது, பாட்டில்கள் பறந்தன, இருக்கைகளில் தீ எரிந்தது. ஆட்டத்தை நிறுத்தி இலங்கை வென்றதாக அறிவித்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுடன் டெஸ்ட். வெற்றிக்கு 271 தேவை. 82க்கு ஐந்து விக்கெட் போனபிறகு, முதுகு வலியோடு நின்று டெண்டுல்கர் 136 அடித்தார். அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி, கையில் மூன்று விக்கெட். நான்கே ரன்னில் அதுவும் போயிற்று. 12 ரன்னில் தோல்வி.

அரங்கம் ஒரு கணம் உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. அன்று கைதட்டியவர்களுக்கு நெஞ்சு வலிக்காமல் இல்லை. வலித்தும் தட்டினார்களே, அதுதான் பெருமை.

இப்போது ஒரு ஆட்டத்தில் தோற்றால் போதும், விளையாடியவனின் வீட்டுப் பெண்களைக்கூட விடாமல் கைபேசியில் வசைபாடுகிறார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்கோர் எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் அன்று நடந்ததை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.